டையூவில் அம்மா குடிக்காத தண்ணீர்

புனேயில் மகர்பட்டா பகுதியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சென்ற மார்ச்சில், கோவையிலிருந்து வந்த அம்மாவையும் அப்பாவையும் குஜராத் கரையோரத்து டையூ தீவுக்கு அழைத்துப் போனேன். தொப்பி, சன்ஸ்கிரீன், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் என்று எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் எடுத்து வைத்தேன்.

அங்கே கடற்கரையில் நல்ல வெயில். ஆனால் கடற்காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், உடம்பு நீர் இழப்பதே தெரியாது. அம்மா அலையில் கால் நனைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் நீட்டும்போதெல்லாம், "தாகமே இல்லை கண்ணு" என்றார். மதியம் மணலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கூப்பிட்டால் பதில் இல்லை.

நானும் அப்பாவும் அவரைத் தூக்கி ஒரு கடையின் நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்தோம். சற்று நேரத்தில் கண் திறந்தார். ஓ.ஆர்.எஸ். கரைத்து நீட்டினேன். பாட்டிலைத் தள்ளிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இங்க பாத்ரூம் எங்க இருக்குது?"

கழிப்பறை கிடைக்காதோ என்ற பயத்தில் காலையிலிருந்தே அம்மா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை!

"பஸ்ஸுல போனாலும் இப்படித்தான் தண்ணி குடிக்காமயே வருவா. இவளுக்குத் தாகமே எடுக்காதுன்னு நெனச்சுட்டேன்," என்றார் அப்பா.

நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கடைக்குப் பின்னாடியே இருக்குதும்மா, சுத்தமா இருக்குது" என்றேன். அதன் பிறகே குடித்தார். நேராக மருத்துவரிடம் காட்டினோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் முதலில் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்துதான் அம்மாவிடம் தண்ணீரை நீட்டுகிறேன். அவரும், "போய்ப் பாத்தியா கண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறார்.