அணைக்காத விளக்கும் பன்னிரண்டு தக்காளிக் கன்றும்

மாம்புரியில் எங்கள் பக்கத்தில் முதன்முதலாக மூன்று தட்டு மாடி வீடு கட்டியவன் நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன், பிளான் கீறக்கூட ஒருவரையும் கூப்பிடவில்லை. மணலில் கம்பால் கோடு போட்டுக் காட்டினேன், மேசன் அதைப் பார்த்துக் கட்டினான். இன்றைக்கு வரைக்கும் சுவரில் ஒரு வெடிப்பு இல்லை.

ஒன்றை மட்டும் அந்தக் கோட்டில் நான் காணவில்லை. காலை வெயிலை வீடு மறைத்தது. பின்னேர வெயிலை நான் எழுப்பிய மதில் மறைத்தது. நடுவில் மாட்டிக்கொண்டது என் மனைவியின் தக்காளிப் பாத்தி.

கலியாணம் முடித்துக் தென்னோலைக் கிடுகு வீட்டில் இருந்த காலத்தில் அவள் போட்ட பாத்தி அது. விடியற்காலையில் நான் கணவாய் மீன் வாளியோடு கடற்கரையிலிருந்து வருவேன். அவள் சேலைத் தலைப்பில் நாலு பழத்தோடு பின்பக்கத்தால் வருவாள். சின்னப் பழம், தோல் கொஞ்சம் வெடித்திருக்கும். கையாலேயே நசித்து, கொதிக்கிற கணவாய் ஆணத்தில் போடுவாள். எத்தனையோ ஊரில் சாப்பிட்டவன் நான். அந்த ஆணத்துக்குக் கிட்ட ஒன்றும் வரவில்லை. இதை எழுதும்போதும் வாயில் அந்தப் புளிப்பு ஊறுகிறது.

மூன்றாம் தட்டு முடிந்த வருசம் பாத்தியில் ஒன்றும் காய்க்கவில்லை. அவள் சண்டை பிடிக்கவில்லை. மண்வெட்டியைக் கழுவி வைத்தாள், பின்கதவைத் திறப்பதை விட்டுவிட்டாள். ஆணத்துக்குச் சந்தைத் தக்காளியை வெட்டுவாள். வருசக்கணக்கில் அப்படித்தான் போனது.

போன வருசம் எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. அவள் அந்தக் கதவைத் திறந்து பின்பக்கம் வரவேண்டும். மாப்புக் கேட்கிற வாய் எனக்கு இல்லை, வேலை செய்கிற கை இருக்கிறது. வீட்டை இடிக்கவா முடியும்? பாத்தி கிடந்த இடத்திலேயே குழாயை வளைத்து, பொலித்தீன் போர்த்தி, கட்டில் அளவில் ஒரு கூடாரம் அடித்தேன். புத்தளத்துக் கடையொன்றில் செடி வளர்க்கிற லைட் இரண்டு வாங்கினேன். வெயில் விழாத இடத்தில் செடிக்கு அதுதான் வெயிலாம். கடைக்காரர் அதைப் பாவிக்கிற விதம் சொல்லத் தொடங்கினார்.

"தம்பி, வெளிச்சத்தைப் பத்தி எனக்கா படிச்சித் தாறீங்க?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சும்மா சொல்லவில்லை. பெற்றோமக்ஸ் விளக்கை வள்ளத்தின் ஓரத்தில் கட்டிக் கணவாய் பிடித்தவன் நான். விளக்கைத் தண்ணீருக்கு மேலே எந்த உயரத்தில் தொங்கவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி கற்பிட்டி வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வள்ளத்தில் ஒரே ஒரு சட்டம், விளக்கு அணையக் கூடாது. அணைந்தால் கூடி நின்ற கணவாய் கலைந்து போய்விடும். ஒருநாள் தூறல் விழ, நான் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து விளக்குக்கு மேலே பிடித்துக்கொண்டு, வெறும் கட்டைக் காற்சட்டையோடு நின்றேன். என் மனைவியின் தம்பிதான் என்னோடு தொழிலுக்கு வருகிறவர். சிரிப்பில் துடுப்பையே விட்டுவிட்டார்.

"மச்சான், சாரத்தை உடுத்துங்க! விளக்கு வெக்கத்துல அணைஞ்சிரும்!"

அந்தப் பழக்கத்தில் கூடாரத்து லைட் இரண்டையும் இரவு பகலாக எரியவிட்டேன். பன்னிரண்டு கன்று முளைத்தது.

"வந்து பாரு" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தேன்.

"அங்க என்ன, கலியாண வீடா? செவப்பும் நீலமுமா எரியிது. எனக்கு வேல இரிக்கி."

இருபது நாள் போக, மூன்றாம் கிழமையில் இலைகள் புள்ளி புள்ளியாக வெளுத்து மஞ்சளாகின. ஆட்டெரு போட்டேன். வெளிச்சம் காணாதாக்கும் என்று லைட்டைக் கன்றுக்குக் கிட்ட இன்னும் பதித்துக் கட்டினேன். நாலு கன்று சுருண்டு விழுந்தது. எந்தக் கடலுக்கும் பயப்படாதவன், அந்த எட்டுக் கன்றுக்கு முன்னால் பயந்துபோய்க் குந்தியிருந்தேன். இதுவும் பட்டுப்போனால் அவளைக் கூப்பிட என்னிடம் வேறொன்றும் இல்லை.

அன்று பின்னேரம் பின்கதவுத் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. துருப்பிடித்த தாழ்ப்பாள். அவள் வந்து, குனிந்து, ஒரு இலையைப் பிரட்டிப் பார்த்தாள்.

"இத எப்ப அணைக்கிறீங்க?"

"அணைக்கிறதா? அணைச்சா..."

"அணைச்சா? கன்றெல்லாம் கலைஞ்சி கடலுக்குள்ள போயிருமா?"

நான் லைட்டைப் பார்த்தேன்.

"இதுகள் கணவாய் இல்ல. இருட்டினா தூங்கணும். உங்கட வெளிச்சத்துல எனக்கே தூக்கமில்ல, இதுகள் பாவம்."

எட்டி சுவிட்சைத் தட்டினாள். பொழுது பட, பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு தொடங்கியது. என் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. அந்தக் கையில் அவள் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள்.

எட்டுக் கன்றும் தப்பின. ஆணத்துக்கு நாலு பழம் கிடைக்கிறது. இன்றைக்கும் லைட்டை நான் அணைப்பதில்லை, என் கைக்கு அது வராது. மஃரிபுக்கு முன்னால் அவள்தான் வந்து அணைத்துவிட்டுப் போகிறாள். நேரம் வைத்தால் தானாகவே அணைகிற சாமான் ஒன்று இருக்கிறதாம், வாங்கித் தருவதாக மகன் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன். லைட்டில் அதைப் பூட்டினால் பின்கதவுத் தாழ்ப்பாள் மறுபடியும் துருப்பிடிக்கும்.