எந்த அட்டையிலும் இல்லாத ஊர்

புதன்சந்தையில் இறங்கி 'டேங்க்காரர்' என்று கேட்டால் போதும், காளிதாசின் கோழிப்பண்ணைக்கு வழி சொல்லிவிடுவார்கள். பட்டாளத்துக்குப் போனவர்கள் அந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. ஆனால் டாங்கி ஓட்டியவர் முருகானந்தம் ஒருத்தர்தான். ராஜஸ்தான் மணலில் டி-72 ஓட்டி ஓட்டி இடது காது பாதி மந்தம். வலது முழங்கையில் சூட்டுத் தழும்பு. ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தபோது, மனைவி மாரக்காளின் தம்பி காளிதாஸ் பண்ணையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான். ஜெனரேட்டரையும் தீவனம் அரைக்கும் இயந்திரத்தையும் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டான். அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பண்ணைதான்.

வேலையில் சத்தம் போட மாட்டார். ஓடுகிற மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, பேரிங் போகப் போகிறது என்பார். அது போகும். அதனால் மற்ற விஷயங்களிலும் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊர் நம்பியது. அவருக்கும் அந்த நம்பிக்கை கொஞ்சம் இருந்தது.

காளிதாசின் ஒரே மகள் சுகன்யா உக்ரைனில் கார்கிவ் நகரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். 2022 தை மாதத்தில் ரஷ்யப் படைகள் எல்லையில் வந்து நிற்பதாக டிவியில் காட்டத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் நேட்டோ, மறு பக்கம் ரஷ்யா என்று திரையை இரண்டாகப் பிரித்து, யாரிடம் எத்தனை டாங்கி, எத்தனை விமானம் என்று அடுக்கினார்கள்.

ஒரு நாள் முட்டை லாரி ஏற்றி முடிந்த பிறகு, லோடு ஆட்களும் மருந்துக் கம்பெனிக்காரரும் பக்கத்துப் பண்ணைக்காரரும் முட்டை அறையில் உட்கார்ந்திருந்தார்கள். காளிதாசும் அவன் மனைவி சரிதாவும் வந்து நின்றார்கள். அந்தக் கணக்கை எங்களுக்குப் புரிகிறாற்போல் சொல்லுங்கள் என்று எல்லோரும் முருகானந்தத்தைக் கேட்டார்கள். அவர் முட்டை அடுக்குகிற இரண்டு காலி அட்டைகளைத் தரையில் போட்டார்.

முதல் அட்டையில் முட்டைகளைக் கலந்து அடுக்கினார். இளங்கோழி போட்ட சின்ன முட்டை, பெரிய முட்டை, இரட்டைக் கரு முட்டை. இது நேட்டோ என்றார். ஜெர்மனிக்காரன் வண்டி வேறு, அமெரிக்காக்காரன் வண்டி வேறு, இங்கிலீசுக்காரனும் பிரெஞ்சுக்காரனும் வேறு வேறு. எண்ணினால் நிறைய வரும், ஆனால் ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றுக்குச் சேராது. இரண்டாவது அட்டையில் ஒரே அளவு முட்டைகளாகப் பொறுக்கி வைத்தார். இது ரஷ்யா. டி-72, டி-80, டி-90 எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றில் பழகியவன் இன்னொன்றை ஓட்டிவிடுவான். நேட்டோக்காரன் வண்டியில் பெரும்பாலும் நாலு பேர், இதில் மூணே பேர், குண்டை இயந்திரமே எடுத்துப் போட்டுக்கொள்ளும். அதுவும் பலம், இதுவும் பலம்.

"தட்டுக்குத் தட்டு சரியா நிக்குது. கை வெச்சா ரெண்டு பேருக்கும் சேதம். நிக்க வெச்சு மெரட்டுவாங்களே ஒழிய நகத்த மாட்டாங்க," என்றார்.

அதை அவர் டிவியைப் பார்த்துச் சொல்லவில்லை. 2001 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் எல்லையில் அவரும் அப்படித்தான் டாங்கியோடு மாதக்கணக்கில் நின்றார். இன்று போகச் சொல்வார்கள், நாளை போகச் சொல்வார்கள் என்று ஒரு வெயில் காலம் முழுக்க வண்டிக்கடியில் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தார். எல்லையில் நிற்கிற டாங்கி நின்றுகொண்டுதான் இருக்கும் என்பது அவர் உடம்பே கற்றுக்கொண்ட பாடம்.

சரிதா அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்ணா, பாப்பா இருக்கற ஊரு இதுல எந்த அட்டைங்க?"

"அது ரெண்டுலயும் சேரலீங் அம்மணி."

லோடு ஏற்றுகிற கந்தன், "அப்ப அது அட்டையில்லாத முட்டைங்ளா? கையில வெச்சுக்கிட்டேதான் நிக்கோணும்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். முருகானந்தமும் சிரித்தார். சரிதா சிரிக்கவில்லை.

இரண்டொரு வாரத்தில் மாணவர்கள் ஊர் திரும்புவது நல்லது என்று தூதரகம் அறிவித்தது. கல்லூரியோ வகுப்பு நடக்கிறது, வராவிட்டால் வருகைப் பதிவு போய்விடும் என்றது. டிக்கெட் போடவா வேண்டாமா என்று காளிதாஸ் தீவன இயந்திரத்தின் பக்கத்தில் நின்று மச்சானைக் கேட்டான். மக்காச்சோளத் தூசிக்குள் நின்றபடியே, படிப்பைக் கெடுக்க வேண்டாம், ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னார். காளிதாஸ் டிக்கெட் போடவில்லை.

மாசி மாதம் ஒரு விடியலில் ரஷ்யப் படை உள்ளே நுழைந்தது. எல்லையிலிருந்து கார்கிவ் நாற்பது கிலோமீட்டர்தான், புதன்சந்தைக்கும் சேலத்துக்கும் உள்ள தூரம். சுகன்யா விடுதியின் நிலவறைக்குள் போய்விட்டாள்.

காளிதாஸ் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பேச்சையே நிறுத்திக்கொண்டான். தீவனம் எவ்வளவு அரைக்க வேண்டும் என்பதைக் கந்தனிடம் சொல்லி அனுப்பினான். மாரக்காள் தம்பி வீட்டில் சமைத்துப் போடப் போய்விட்டு வந்து, "என்ற தம்பி மூஞ்சியக் கண்ணுல பாக்க முடியலீங். நீங்க ரெண்டு நாளைக்கு அங்க வராதீங்க," என்றாள். முருகானந்தம் இயந்திர அறையிலேயே கிடந்தார். ஒரே அளவு முட்டைகளாகத் தேடிப் பொறுக்கிய தன் கைகள்தான் கண்ணுக்குள் வந்துகொண்டிருந்தன.

ஒரு காலையில் கந்தன் ஓடிவந்து, ஊட்டுக்கு வரச் சொல்றாங்க என்றான். காளிதாஸ் வீட்டுக் கூடத்தில் போனில் சுகன்யாவின் குரல் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். மாமாவிடம் கொடுங்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"அவுரு சொன்ன வரைக்கும் போதும் சாமி," என்று காளிதாஸ் போனைப் பார்த்துச் சொன்னான். முருகானந்தம் வாசல்படி தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தார். அவருக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாற்போல் இருந்தது.

"அப்பா, குடுங்க. சார்ஜ் இல்ல."

சரிதாதான் போனை எடுத்து நீட்டினாள். அவர் வலது காதில் வைத்துக்கொண்டார். சுகன்யா வேகமாகச் சொன்னாள். நிலவறையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. பாதிப் பேர் ரயில் நிலையத்துக்கு நடக்கலாம் என்கிறார்கள், பாதிப் பேர் தெருவில் டாங்கி நிற்கிறது, போகக் கூடாது என்கிறார்கள்.

"நீங்க அதுக்குள்ள இருந்தவங்க மாமா. நடந்து போறவங்களப் பாத்தா சுடுவாங்களா?"

கூடத்தில் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். சுட மாட்டான், தைரியமாகப் போ என்று சொல்லிவிட நாக்கு எழுந்தது. அவருக்குத் தன் டாங்கியின் ஓட்டுநர் இருக்கை நினைவுக்கு வந்தது. மூடியைப் போட்டுக்கொண்டால் எதிரில் ஒரு சாண் கண்ணாடி. அதில் மணலும் வானமும் தெரியும். ஒரு தடவை பயிற்சியில் ஒட்டகக் கூட்டம் ஒன்று மிரண்டு எதிரில் ஓடும் வரைக்கும், அது பக்கவாட்டில் இருந்ததே அவருக்குத் தெரியவில்லை.

"உள்ள இருந்து பாத்தா ஆளு தெரியாது சாமி," என்றார். "நெழலு அசையறாப்புல இருக்கும். பயந்தவன் சுடுவான். சுடுவானா, மாட்டானான்னு எனக்குத் தெரியல."

அவர் வாயிலிருந்து தெரியாது என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"இங்க உக்காந்துக்கிட்டு நான் ஒருக்கா சொன்னது தப்பாப் போச்சு. நீ கண்ணால பாக்கற. நீ என்ன பாத்தியோ அத வெச்சு முடிவு பண்ணு."

சுகன்யா யோசித்து யோசித்துப் பேசினாள். காலையில் குண்டுச் சத்தம் சிறிது நேரம் நிற்கிறது. நேற்றும் நின்றது, முந்தாநாளும் நின்றது. உள்ளூர்க்காரர்கள் அப்போதுதான் ரொட்டி வாங்க ஓடுகிறார்கள். "அந்த நேரத்துல நாங்க கௌம்பறோம் மாமா. கும்பலாப் போகல, பிரிஞ்சு பிரிஞ்சு போறோம்." போன் அணைந்தது.

அதன் பிறகு வந்த நேரத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் இன்றும் பேசுவதில்லை. கோழிக்குத் தீவனம் போட்டாக வேண்டும், போட்டார்கள். முட்டை பொறுக்கியாக வேண்டும், பொறுக்கினார்கள். முருகானந்தம் ஜெனரேட்டரைப் பிரித்து, எதுவும் கெட்டுப்போகாத பாகங்களைத் துடைத்துத் திரும்ப மாட்டினார். சரிதா ஒரு தடவை இயந்திர அறை வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனாள்.

ரயிலில் நின்றபடியே வந்தோம் என்று உக்ரைனின் மேற்கு எல்லையைத் தாண்டிய பிறகு, யாரோ ஒரு மாணவனின் போனில், சுகன்யா பேசியபோது காளிதாஸ் தரையில் உட்கார்ந்து அழுதான். கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு இரண்டு காரில் போனார்கள். முருகானந்தத்தை யாரும் கூப்பிடவில்லை. பண்ணையில் ஒரு ஆள் இருக்க வேண்டுமே என்று அவராகவே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் சுகன்யா இயந்திர அறைக்கு வந்தாள். மெலிந்து, இருமிக்கொண்டிருந்தாள். தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"ஒரு முக்குல திரும்பினா டாங்கி நிக்குதுங் மாமா. மூடியத் தெறந்துக்கிட்டு ஒருத்தன் தலைய நீட்டினான். எங்க கிளாஸ் பசங்க வயசுதான். எங்களப் பாத்தான், நாங்களும் பாத்தோம். பொறவு மூடிக்கிட்டான். ஓடிட்டோம்."

"எந்தப் பக்கத்து வண்டி?"

"தெரியலீங். ரெண்டு பேருதும் ஒரே மாதிரிதான இருக்குது."

அது உண்மைதான். ரஷ்யப் படையும் உக்ரைன் படையும் ஓட்டுவது அந்த ஒரே குடும்பத்து வண்டியைத்தான். அட்டைகளை அடுக்கிய நாளிலும் அவருக்கு அது தெரிந்துதான் இருந்தது. பெரியவர்கள் இருவரையும் எண்ணுகிற மும்முரத்தில், உக்ரைனுக்கு ஒரு முட்டை எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்த வருடம் ஜெர்மனி தன் டாங்கிகளை உக்ரைனுக்குக் கொடுக்கப் போகிறது என்ற செய்தி வந்தது. முட்டை அறையில் மறுபடியும் பேச்சு சூடானது. பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு அட்டைகளைத் தரையில் போட்டு, இப்போது யார் கை ஓங்கும் என்று கேட்டார். முருகானந்தம் குனிந்து அட்டைகளை எடுத்தார். "லாரி நிக்குதுங்," என்று சொல்லிக் கந்தனிடம் கொடுத்தார். அதற்கப்புறம் யாரும் அவரைக் கேட்கவில்லை.

சுகன்யா படிப்பை முடித்தாக வேண்டும். பழைய கல்லூரிக்குப் போக முடியாது. ஜார்ஜியா நாட்டில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒரு மாலை காளிதாஸ், சரிதா, சுகன்யா மூவரும் அவர் வீட்டுக்கு வந்தார்கள். மாரக்காள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். காளிதாஸ் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான்.

சரிதாதான் கேட்டாள். "அந்த நாடு எந்த அட்டைங்ணா?"

"அதுவும் ரெண்டுலயும் இல்லீங் அம்மணி. பக்கத்து ஊட்டுக்காரனும் அதே ரஷ்யாக்காரன்தான். முன்ன ஒருக்கா அங்கயும் டாங்கி போயிருக்குது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அனுப்பலாமா என்று காளிதாஸ் மெதுவாகக் கேட்டான்.

"பாப்பாவக் கேளு மாப்ளே."

சுகன்யா தன் காப்பியைக் குடித்து முடித்துத்தான் பேசினாள். "போறேன் மாமா. அங்க ஏதாச்சும் அசையறாப்புல தெரிஞ்சா அன்னைக்கே கௌம்பிருவேன். உங்களயும் கேக்க மாட்டேன், அப்பாவயும் கேக்க மாட்டேன்."

"செரி சாமி," என்றார் முருகானந்தம். சுருக்கென்று இருந்தது. ஆனால் தப்பாகப் படவில்லை.

எழுந்து செருப்பை மாட்டும்போது காளிதாஸ் திரும்பாமலே சொன்னான். "வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் போறோம். பண்ணையக் கந்தன் பாத்துக்குவான். நீங்களும் வாங்க மச்சான்."

போனார். விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு வரைக்கும் சுகன்யாவின் பெட்டியை அவர்தான் தள்ளிக்கொண்டு போனார். அதன் ஒரு சக்கரம் உள்ளங்கையில் அதிர்ந்தது. பேரிங் போகப் போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவளே பெட்டியைச் சாய்த்து, அந்தச் சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்து, நடக்கத் தொடங்கியிருந்தாள்.