வண்டி நுழையாத தெருவில் நைனா

1. காலை ஆறரைக்குச் சித்தூரில் பஸ் ஏறினோம். என் அப்பா, நைனா, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி பஸ்ஸின் கூரை மேல் ஏறியது.

2. எழுபது கிலோமீட்டர். ஒன்பதுக்குத் திருப்பதி.

3. கோயில் கடைத்தெருவின் முனையில் கம்பங்கள் நட்டுக் கயிறு கட்டியிருந்தது; பஸ் வந்தால் மட்டும் தூக்குவார்கள். போலீஸ்காரர் எங்களை நிறுத்தினார்.

அந்தத் தெருவைப் பார்க்கத்தான் போயிருந்தோம். கார், ஜட்கா, சைக்கிள் எதற்கும் அங்கே இடமில்லை. நடப்பவர்களும் பஸ்களும் மட்டும். எங்கள் சித்தூர் கடைத்தெருவுக்கும் அடுத்த மாதம் இதே ஏற்பாடு வருகிறது. நைனாவின் கடிகாரக் கடை அதன் நடுவில் இருக்கிறது. சிறுவயதுக் காய்ச்சலில் அவருக்கு இரண்டு கால்களும் விளங்காமல் போயின. வண்டியை உள்ளே விடாவிட்டால் கடை இல்லை. நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். அளக்க டேப் கொண்டுபோயிருந்தேன்.

"பண்டி கூடாது. நடந்து போ, இல்லாட்டி பஸ் ஏறு" என்றார் போலீஸ்காரர் வண்டியைக் காட்டி.

"நடக்க முடிஞ்சா இத்த ஏன் சுத்திக்கினு வரேன்?" என்றார் நைனா.

"நான் தள்ளுகிறேன் சார்" என்றேன்.

"தள்ளினா தள்ளுவண்டி. அதுவும் கூடாது."

நின்றிருந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் நைனாவைக் கூப்பிட்டார். "வண்டிய மேல போடு பெத்தாயனா. நீ உள்ள உக்காரு. அந்தக் கோடியில எறக்கி விடறேன்."

நல்ல மனசுதான். ஆனால் சித்தூரில் தினமும் யார் தூக்கி ஏற்றுவார்கள்? வேண்டாம் என்றேன். வெயில் ஏறியும் கயிற்றருகிலேயே நின்றோம்.

அப்போது ஈர வேட்டியோடு ஒருவர் தெருவில் உருண்டபடி வந்தார். சொந்தக்காரர்கள் கோவிந்தா சொல்லிக்கொண்டு பின்னால் வந்தார்கள். போலீஸ்காரர் விசில் ஊதிப் பஸ்ஸையே நிறுத்தினார்.

"சார், அவரு நடக்கிறாரா?" என்றார் நைனா.

"அது மொக்கு. வேண்டுதல்."

"அவரு காலும் தரையில நிக்கல, என் காலும் நிக்கல. அவருக்கு விசில், எனக்குக் கயிறா?"

போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாய் மட்டும் நல்லா நடக்குது உனக்கு" என்று கயிற்றைத் தூக்கினார். "பஸ் வந்தா ஓரம் போ."

வளையல் கடைகள், பித்தளைக் கடைகள், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். நைனா அந்தக் கோடிவரை தானே சுற்றிக்கொண்டு போனார். பின்னால் வந்த பஸ் ஹாரன்கூட அடிக்கவில்லை. திரும்பும்போது முனைக் கம்பங்களின் இடைவெளியையும் வண்டியின் அகலத்தையும் அளந்தேன்.

அன்று கிடைத்தது ஒரு போலீஸ்காரரின் தயவு, விதி மாறவில்லை. சித்தூர்த் தெரு முனைக்கு, கயிற்றுக்கு ஓரமாக இந்த வண்டி நுழையும் அகலத்தில் வழி விட்டு ஒரு வரைபடம் போட்டு நகராட்சியில் கொடுத்தேன். பார்க்கலாம் என்றார்கள். மறுநாளும் போய்க் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. நைனா கடையைக் காலி செய்யவில்லை.