சேதி ஒன்றுமில்லை, எல்லாம் நலம்

ரேடியோத் தேர்வில் தவறுகிறவர்களை இனி ஆலைக்குள் விடமாட்டார்களாம், வாசலில் வண்டி எண் பார்க்க உட்கார வைத்துவிடுவார்களாம். கேன்டீனில் யாரோ பேசிக்கொண்டதாகக் கல்ஃபான் வகுப்பில் வந்து சொன்னான். ஓமானின் இந்தச் சொஹாரில் இப்படிக் கிளம்பும் பேச்சு பெரும்பாலும் உண்மையாகிவிடும்.

மர்ஹூன் பேரீச்சங்கொட்டையை உள்ளங்கையில் துப்பினார். மீன்பிடிப் படகை விற்றுவிட்டு, அம்மோனியா ஆலை தொடங்கியபோதே வேலைக்குச் சேர்ந்தவர். கசிவு உண்டா என்று குழாய்களுக்கு நடுவில் சுற்றி வருவதுதான் அவர் வேலை. ஆலையில் வேறு வேலை அவருக்குத் தெரியாது.

"அபூ நாஸர், வாசல்ல ஏ.சி. இருக்கு. ஜம்முனு உக்காருங்க," என்றான் கல்ஃபான். நாஸரின் அப்பா என்று மகன் பெயரைச் சொல்லித்தான் மர்ஹூனை எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"உன் மாமனாரக் கொண்டுபோய் உக்கார வைடா. அவருக்குத்தான் ஊர்ல போறவன் வர்றவன் கணக்கெல்லாம் வேணும்."

அவர்களுக்கு ஆலை வேலைக்கான ஆங்கிலம் சொல்லித்தருவது என் பிழைப்பு; வாத்தியார் என்பதால் எனக்கு உஸ்தாத் என்று பெயர். கசிவைக் கண்டதும் கைரேடியோவில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும் ரேடியோப் பாடம் சின்னது: எந்த இடம், என்ன கசிகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது. சொற்கள் எல்லாம் மர்ஹூனுக்குப் படிந்துவிட்டன. வழக்கம்தான் விடவில்லை. இங்கே யாரிடம் பேசினாலும் முதலில் உடம்பு, பிள்ளைகள், வீடு. அப்புறம் மற்றவர் "என்ன சேதி?" என்பார். "சேதி ஒன்றுமில்லை, எல்லாம் நலம்" என்றுதான் பதில் சொல்லவேண்டும். சாவுச் செய்தியானாலும் அதற்குப் பிறகுதான்.

"உஸ்தாத், எடுத்த எடுப்புல கசியுதுன்னு கத்தினா, என்னை வளத்தவங்க சரியில்லன்னு கேக்கறவன் நினைக்கமாட்டானா?"

"அம்மோனியா அதுவரைக்கும் காத்திருக்காது, அபூ நாஸர்."

"சரி, சரி. இன்ஷா அல்லாஹ்."

வகுப்பில் சரியாகவே சொன்னார். என்னைத்தான் கதவருகிலேயே நலம் விசாரித்து முடித்திருப்பாரே.

தேர்வன்று கட்டுப்பாட்டு அறையில், ரேடியோவின் மறுமுனையில், அவருடைய தங்கை கணவர் ஸுவைத் இருந்தார். மர்ஹூன் நல்ல ஆங்கிலத்தில் தங்கையை விசாரித்தார், பிள்ளைகளை விசாரித்தார். ஸுவைதும் பழக்கத்தில், "என்ன சேதி?" என்றார்.

"சேதி ஒன்றுமில்லை, எல்லாம் நலம்."

தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார். அதன்பிறகு மர்ஹூன் கசிவு, இடம், காற்று எல்லாவற்றையும் பிசகில்லாமல் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

"அவன் கேட்டான் உஸ்தாத். பதில் சொல்லாம எப்படி இருக்கிறது?"

கல்ஃபான் கேலி எதுவும் செய்யவில்லை. பயிற்சி மேலாளர் மனம் வைத்து மறுதேர்வு தந்தால் உண்டு. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாசல். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் அதே மேலாளர்தான். அந்த நினைப்பு வந்தது; வந்தும் பயம் தோன்றவில்லை. மறுதேர்வு கேட்க அவருடைய எண்ணை அழுத்தினேன்.

மர்ஹூன் என் குவளையில் காப்பி ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சன்னலைப் பார்த்தேன். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.