டானிக் படத்துக்குக் காத்திருந்த தவக்காலம்

அந்தத் தவக்காலம் முழுக்க நான் ஆண்டவரோடு சண்டை போட்டேன், பிள்ளைகளே. வீட்டிலிருந்த மாதா சுரூபத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அவ்வளவு ஆத்திரம். ஞானோபதேச வகுப்புக்கு வரும் நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது. செய்தவன் சொல்கிறேன்.

மாசி மாதம் பட்டணத்திலிருந்து ஒரு விளம்பரக் கம்பெனி ஏஜென்ட் பாம்பனுக்கு வந்தார். டானிக் விளம்பரப் படத்துக்கு நல்ல உடம்புக்காரன் வேண்டுமாம். வலை இழுத்துக்கொண்டிருந்த என்னைக் கரையிலேயே போட்டோ எடுத்தார். “ஒரு மாசத்துல ஒப்பந்தப் பத்திரத்தோட வர்றேன், கையெழுத்துப் போட்டுடலாம். அதுவரைக்கும் வெயில்ல போகாதீங்க. இதுக்கு மேல கறுத்தா படம் எடுபடாது” என்றார்.

நம்பி வீட்டுக்குள் அடைந்தேன். விஷயத்தைச் சொன்னால் வள்ளத்து ஆட்கள் சிரிப்பார்களே என்று, வயிற்றுவலி என்றேன். அதுதான் என் பாவம்.

நம் வள்ளங்களில் ஒருவன் நோயில் கிடந்தால் அவன் பங்கு மீனை நிறுத்தமாட்டோம். எங்கள் வள்ளத்தை நடத்தும் சவரிமுத்து அண்ணன் தினமும் என் பங்கை ஓலைப்பெட்டியில் கொண்டுவருவார். “வலி எப்படிடா இருக்கு? வள்ளம் தள்ளுமுன்ன ஒனக்காக முழங்கால் போட்டுட்டுத்தான் போறோம்” என்பார். நான் வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். அவர் போனதும் பல்லைக் கடிப்பேன். இவர்கள் செபத்தை யார் கேட்டது? நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஆண்டவரே, அந்தப் பத்திரத்தை அனுப்பும்.

மாதம் கடந்தது. ஒரு கடுதாசிகூட இல்லை. பொய் சொல்லி வாங்கிய மீன் தொண்டையில் இறங்கவில்லை. இளைத்துப்போனேன். “கடலுக்குப் போங்க. இல்ல, நானே அண்ணன்கிட்ட சொல்லிருவேன்” என்றாள் என் மனைவி பிலோமி. அவள்மேலும் எரிந்து விழுந்தேன்.

தவக்காலம் முடியும் வாரம், பெரிய வியாழனுக்கு முந்தின நாள் ஏஜென்ட் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்னய்யா, இப்படி வாடிப்போயிட்டீர்? பரவாயில்ல. டானிக் குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நோஞ்சான் வேணும், அந்தப் படத்துக்கு வச்சுக்கலாம்” என்று பத்திரத்தையும் பேனாவையும் நீட்டினார்.

அந்த நேரம் பார்த்துச் சவரிமுத்து அண்ணன் மீனோடு நுழைந்தார். ஏஜென்ட் சொன்னதைக் கேட்டதும் அவர்மேல் பாய்ந்தார். “நோவுல கெடக்கவனப் படம் புடிச்சா மருந்து விக்கப் பாக்குறீக? அவன் எங்க ஆளு. எந்திரிச்சு நடப்பான். போங்கய்யா இங்கனருந்து!”

எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. ஏஜென்ட் கொடுத்த பேனாவை வீசி எறிந்தேன். “நோவு இல்லண்ணே! ஒரு நோவும் இல்ல! இந்தப் படத்துக்காகப் பொய் சொன்னேன்!” என்று கத்தினேன்.

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார். “ஏலே, இத்தன நாளா முட்டி தேய வேண்டிருக்கோம். ஆண்டவருக்கு நாங்க என்னத்தடா சொல்ல? காலையில நீயே வந்து சொல்லு.”

போனேன். கரையில் எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒருவன் மணலில் காறித் துப்பினான். இன்னொருவன், “டானிக்கு வந்துட்டாருடா!” என்றான். அடிக்கக் கை ஓங்கினேன். அண்ணன் என் கையைப் பிடித்து இறக்கினார். “வவுத்துல இல்லன்னா வேற எங்கயோ நோவு இருந்திருக்குலே. வேண்டுன செபம் வீணாவா போகும்? முழங்கால் போடு.”

போட்டேன். முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதையும் ஆண்டவரிடம் சொன்னேன். பிறகுதான் அழுதேன். அன்றைக்கே வள்ளத்தில் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

பிள்ளைகளே, கேட்கப்பட்டது என் செபம் இல்லை. எவர்கள் செபத்தை நான் வெறுத்தேனோ, அவர்கள் செபம். அதற்காக ஆண்டவருக்குத் தோத்திரம். அன்றிலிருந்து வள்ளத்து ஆட்களிடம் பொய் சொன்னதில்லை. டானிக்கு என்று கூப்பிட்டால் இன்றும் ஆத்திரம் வருகிறது, மறைக்கவில்லை.

உங்களுக்கும் மனசு பொறுக்காத காலம் வரும். அப்போது வீட்டுக்குள் அடைந்து கிடக்காதீர்கள். விடியும் முன்பு, வள்ளம் தள்ளும் நேரத்துக்குக் கரைக்கு வந்து பெயரை மட்டும் சொல்லுங்கள். நாங்கள் முழங்கால் போடுகிறோம். என்ன நோவு என்று கேட்கமாட்டோம்.