பிரேக்

தேர்வாய் கண்டிகையில் வேலை பார்த்த காலத்தை நினைத்தால், கேன்டீனில் டீ டம்ளரை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, கூட வேலை பார்த்த அக்கா கேட்டதுதான் முதலில் வருகிறது. "பிரேக்குன்னா இன்னாம்மா? நீ இங்கிலீஷ் படிச்சவளாச்சே."

கார்களுக்கு பிரேக் செய்கிற கம்பெனி அது. நான் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். அக்கா இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷினில், ஒப்பந்தக்காரரின் ஆள். டீ குடிக்க விடும் நேரம் பிரேக். மிஷின் நின்றுபோனால் பிரேக்டவுன். அக்கா கேட்டது இதையெல்லாம் அல்ல. சில மாதங்களுக்கு ஒருமுறை அவரைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, பிறகு புது ஆள்போலச் சேர்த்துக்கொள்வார்கள். விடாமல் வேலை செய்தவள் என்று நாளை நிரந்தரம் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. அதற்கும் பிரேக் என்றுதான் பெயர். வெகுகாலம் அக்கா அதை ஓய்வு என்றே நம்பி, திருவாலங்காட்டில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"ஒடைக்கிறதுன்னு அர்த்தம்க்கா" என்றேன். அக்கா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த பிரேக்கில் அவர் வீட்டில் இருந்தபோது சூப்பர்வைசர் போன் செய்து கூப்பிட்டார். அவசர ஆர்டர், ஆளில்லை, வருகைப் பதிவு வேண்டாம், வந்தால் போதும். அக்கா வந்தார். வேகம் வேண்டுமென்று மிஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பிரஸ் இறங்கி அவருடைய வலது கை விரல்கள் இரண்டை நசுக்கிவிட்டது. துணியைச் சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தி. விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை.

இழப்பீடு கேட்டு அக்கா லேபர் ஆபீஸுக்குப் போனார். அன்று அவர் பிரேக்கில் இருந்தார், கம்பெனிக்குள் வரவே இல்லை என்று மேலாளர் அங்கே நிதானமாகச் சொன்னார். நான் கண்டதைச் சொன்னேன். அதோடு என் வேலையும் போயிற்று. கடைசியில் அக்காவைக் கேட்டார்கள். கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தார்.

"நா ஊட்லதான் இருந்தேன்றாரு. சரி, அப்படியே இருக்கட்டும். என் வெரலு மட்டும் எப்டி சார் கம்பெனிக்கு வந்துச்சு?"

மேலாளர் தண்ணீர் குடித்தார். விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். இன்றுவரை தள்ளிவைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்போது திருவள்ளூரில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். அந்தச் சொல்லுக்கு அகராதியில் பக்கம் பக்கமாகப் பொருள் இருக்கிறது. உடைப்பதுதான் பழைய பொருள். ஓய்வு என்பதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. வண்டியை நிறுத்தும் பிரேக்கை ஆங்கிலத்தில் வேறு எழுத்துகளில் எழுதுவார்கள். நார் எடுப்பதற்காகச் செடித்தண்டை நசுக்கும் ஒரு பழைய கருவியின் பெயரிலிருந்து அது வந்திருக்கலாம் என்கிறார்கள். அந்த வரியைப் படித்த அன்று மேற்கொண்டு பாடம் நடத்த முடியவில்லை.

போன மாதம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அக்காவைப் பார்த்தேன். வேறொரு கம்பெனியில் பெருக்குகிறாராம். ஆள் எடுப்பது அதே ஒப்பந்தக்காரர். அங்கேயும் பிரேக் உண்டா என்று கேட்டேன்.

"குடுக்கறாங்க. அப்ப கூப்ட்டாங்கன்னா மட்டும் நா போனு எடுக்கறதில்ல."