வகிதா மேடம் கேட்ட இரண்டாவது ஆள்

உத்திரமேரூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த மஹபூப் பாஷா, தன் மனைவி வகிதா வேலை பார்க்கும் கல்லூரியின் கணினி சர்வருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்: மூத்த பிள்ளை. அவர்களுக்குப் பிறந்தது சைமா ஒருத்திதான். கரண்ட் போய் வந்து, சர்வர் படுத்துக்கொண்டு, கல்லூரியிலிருந்து போன் வந்தால், "உன் மூத்த புள்ள அழுவுது, போய்ப் பாரு" என்பார். வகிதா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வகிதா கணினித் துறை, நான் தமிழ்த் துறை. மாணவர்கள் பாடம் படிக்கவும் தேர்வு எழுதவும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றை அவர்தான் அமைத்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், விலை கிடையாது. அவரை விட்டால் பார்த்துக்கொள்ள ஆளும் கிடையாது. ஓசியில் கிடைத்ததற்கு ஆள் ஒரு கேடா என்பது எங்கள் நிர்வாகத்தின் நினைப்பு.

போன வருடம் பாஷாவை நெஞ்சுவலி என்று காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தேர்வன்று காலை சர்வர் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கூட இருந்த வகிதாவுக்கு முதல்வர் போன் செய்தார். பாஷா வழக்கம்போல மூத்த பிள்ளை அழுகிறது என்று சொல்லி அனுப்பினார். வகிதா வந்து சரிசெய்தார், பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள். அவர் திரும்பிப் போனபோது பாஷா இல்லை.

கணவரை இழந்த வகிதா வெளியே வராமல் வீட்டில் இத்தா இருந்த மாதங்களில் சர்வர் பாதி நாள் படுத்தே கிடந்தது. அப்போதுதான் நிர்வாகத்துக்குப் புத்தி வந்து, ஒரு கம்பெனியின் மென்பொருளை வாங்கலாம் என்று கம்பெனிக்காரரையும் அழைத்துக் கூட்டம் போட்டது. எல்லாவற்றையும் கம்பெனியே பார்த்துக்கொள்ளுமாம். வேலைக்குத் திரும்பியிருந்த வகிதா உடனே தலையாட்டிவிடுவார் என்று நினைத்தோம். நானும் அதைத்தான் விரும்பினேன். அந்த அம்மாள் பட்டது போதும் என்றிருந்தது எனக்கு.

வகிதா மாணவி செவ்வந்தியை உள்ளே அழைத்தார். சாலவாக்கம் பக்கத்தில் கழனி வேலை செய்கிறவர்களின் மகள். ஊரில் சிக்னல் கிடைக்காது. கல்லூரியிலேயே பாடத்தைப் போனில் இறக்கிக்கொண்டு போய் வீட்டில் படிக்கிறவள். அவள் போனில் கம்பெனியின் செயலியைப் போட்டு, நெட்டை அணைத்தார். பாடம் திறக்கவில்லை.

"நெட் இல்லாம வராதா சார்?"

"இப்போதைக்கு இல்ல மேடம். மேல கேட்டுச் சொல்றோம்" என்றார் கம்பெனிக்காரர்.

"எங்கள்துல நெட் இல்லாம வர்ற மாதிரி நாங்களே மாத்திக்கினோம். யாரையும் கேக்கல." பிறகு முதல்வரைப் பார்த்தார். "பழசே இருக்கட்டும் சார். ஆனா இன்னோர் ஆள் வேணும். ஆள் போடலன்னா இனிமே நான் அதைத் தொட மாட்டேன்."

குரல் உயரவில்லை. அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்த எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் திருமுக்கூடலிலிருந்து வேதகிரி என்பவர் வேலைக்கு வந்தார். கைக்குழந்தைக்காரர். வகிதா அவரிடம் சர்வர் அறைச் சாவியைக் கொடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"இது எப்ப வேணா அழுவும், வேதகிரி. நான் இல்லன்னா நீங்க வாங்க, நீங்க இல்லன்னா நான் வரேன். ஆனா வூட்ல யாருக்கனா ஒடம்பு முடியலன்னா வராதீங்க. யாரு போன் பண்ணாலும் வராதீங்க. பரிச்சைய மறுநாள் வச்சிக்கலாம்."